கம்பம் நின்றவள்

கண்ணாடியக்காவிடம் ஒருமுறை மூக்குக்கண்ணாடி வாங்கிவிட்டால் ஆயுளுக்கும் நீங்கள் அவளுடைய ஆள். வேறு கடைக்குப் போய் ஒரு சின்னத் திருகை இறுக்கிக்கொண்டு வந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். கண்ணாடியைக் கையில் வாங்கி, டியூப்லைட் பக்கம் திருப்பிப் பார்த்து, "யாருகிட்ட குடுத்தீங்க இத?" என்பாள். அவள் கேட்கிற தொனியில், வந்த மனுஷன் எங்கோ சின்ன வீடு வைத்துக்கொண்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி தலையைக் குனிந்துகொள்வார்.

வேலையில் குறை சொல்ல முடியாது. கண்ணாடியின் கையைச் சூடுகாட்டி, காதுக்குப் பின்னால் உறுத்தாமல் வளைத்து, மூக்கில் உட்காரும் இடத்தை விரல்நுனியால் ஒரு தட்டுத் தட்டுவாள். அவ்வளவுதான், முகத்தோடு பிறந்தது போல உட்கார்ந்துவிடும். அவள் கடைக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவள் அங்கே பெருமூச்சு விட்டால் இங்கே என் மெஷினில் பேப்பர் சிக்கும். அதனால் நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அக்கா நல்லவள், கைராசிக்காரி, இல்லையென்று வந்தவருக்கு இல்லையென்று சொல்லாதவள். கூடவே, பொறாமைக்காரி. தன்னுடையது என்று ஒன்றை மனதில் முடிச்சுப் போட்டுவிட்டால் அதை இன்னொருத்தி தொட்டுப் பேசினாலே காதில் புகை வந்துவிடும். அந்தப் புகையைப் பக்கத்துக் கடையிலிருந்து வருஷக்கணக்கில் குடித்தவள் நான்.

அவள் மனதில் முடிச்சுப் போட்டு வைத்திருந்த ஒன்று, எங்கள் நடை.

பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிற டிரைவரம்மாதான் அதை ஆரம்பித்தது. வருஷத்தில் ஒருமுறை, பெண்கள் மட்டும், ஒரு வாரம் போல நீண்ட தூரம் நடப்போம். ஆற்றோரம், கால்வாய்க்கரை, தோப்புகளுக்கு நடுவில் போகும் பாதை என்று எது அகப்பட்டாலும் சரி. சாயங்காலமானால் ஏதாவது ஒரு விடுதியில் அறை எடுத்துக் காலை நீட்டுவோம். மலை ஏறுவதோ சாதனை படைப்பதோ கிடையாது. "கடைசி சீட்டுல இருக்கிற பிள்ளை வாந்தி எடுக்காம இருக்கணும். அந்த ஸ்பீடுதான் சரியான ஸ்பீடு" என்பது டிரைவரம்மாவின் கொள்கை. "உங்க கூட்டத்த நத்தை ஹாரன் அடிச்சு ஓவர்டேக் பண்ணிடும்" என்பது என் வீட்டுக்காரரின் கருத்து. அவரை யார் கேட்டார்கள்?

மெதுவாக நடந்தாலும் கட்டுப்பாடு உண்டு. முன்னால் டிரைவரம்மா, கழுத்தில் விசிலோடு. கடைசியில் சிஸ்டர். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பின்னால் யாரும் நடக்கக்கூடாது. வழி இரண்டாகப் பிரிகிற இடம் வந்தால், டிரைவரம்மாவுக்கு அடுத்தபடியாக யார் நடக்கிறாளோ அவள் அங்கேயே நின்றுவிட வேண்டும். நின்று, பின்னால் வருகிறவர்களுக்கு எந்தப் பக்கம் என்று கை காட்ட வேண்டும். சிஸ்டர் வந்து சேர்ந்த பிறகுதான் அவள் நகரலாம். இப்படி நிற்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் பேர் கம்பம். "இந்தப் பிரிவுக்கு யாரு கம்பம்?" என்று கேட்போம். மழை கொட்டினாலும் மாடு முட்ட வந்தாலும் கம்பம் நகரக்கூடாது. ஒரு கம்பம் நகர்ந்தால் பின்னால் வருகிறவர்கள் கதி அதோகதி.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. டிரைவரம்மா பக்கத்தில் யார் ஆசையாக ஒட்டிக்கொண்டு நடக்கிறாளோ, அவள்தான் ஒவ்வொரு பிரிவிலும் கழன்று கடைசிக்குப் போவாள். கண்ணாடியக்கா அதற்கெல்லாம் அசரவில்லை. கம்பம் நின்று முடித்ததும் விறுவிறுவென்று எங்கள் எல்லோரையும் தாண்டி, அடுத்த பிரிவு வருவதற்குள் டிரைவரம்மாவின் தோளுக்குப் பக்கத்தில் மறுபடி நின்றுகொள்வாள். ஆம்புலன்ஸுக்கு விடுகிற மாதிரி நாங்கள் ஒதுங்கி வழி விடுவோம். இப்படியே பல நடை நடந்தாயிற்று. டிரைவரம்மாவுக்கு அடுத்த இடம் கண்ணாடியக்காவுக்கு என்று எழுதாத சட்டமாகவே ஆகிவிட்டது.

அப்போதுதான் நாத்தனார் வந்தாள்.

அக்காவுடைய வீட்டுக்காரரின் தங்கை. வெளியூரில் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆபீசை மூடியதும் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நாற்பத்தைந்து வயதிலும் வீட்டில் அவள் பேர் பாப்பா. ஜன்னல் வைத்த முன்னறையை அவளுக்குக் கொடுத்தார்கள். அந்த ஜன்னலோரம்தான் கண்ணாடியக்கா சாயங்காலம் உட்கார்ந்து காலை நீட்டுகிற நாற்காலி இருந்தது. நாற்காலி சமையலறை மூலைக்குப் போனது. கல்லூரியில் படிக்கிற மகள் அம்மாவிடம் சொல்லாததையெல்லாம் அத்தையிடம் சொன்னாள். குழம்பில் உப்பு குறைந்தால் பேசாமல் சாப்பிட்டுப் போகிற மனுஷன், தங்கை வைத்த குழம்புக்கு "நல்லாருக்கு" என்று வாய் திறந்து சொன்னார்.

"இடத்தக் குடுத்தா மடத்தப் புடுங்குற கதைடி ஜெராக்ஸு" என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து காலையில் ஆரம்பிப்பாள்.

உண்மையைச் சொன்னால் நாத்தனார் எதையும் பிடுங்கவில்லை. பிடுங்கியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவள் சும்மா இருந்தாள், எல்லோரும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதுதான் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"பாப்பா வீட்லயே அடைஞ்சு கெடக்கறா. உங்க நடைக்குக் கூட்டிட்டுப் போயேன்" என்று வீட்டுக்காரர் சொன்னபோது அக்கா முடியாது என்று சொல்ல வாயெடுத்தாளாம். அதற்குள் மகள் டிரைவரம்மாவுக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டாள். டிரைவரம்மாவுக்கு ஆள் வந்தால் கொண்டாட்டம். "வேலில போன ஓணான எடுத்து மடில கட்டிவிட்டுட்டா எம் பொண்ணு" என்று அன்றைக்கு முழுக்க அக்கா வந்த கண்ணாடியையெல்லாம் முறுக்கி வளைத்தாள்.

இந்த முறை அணைக்கட்டிலிருந்து இறங்கி ஆற்றோடு நடந்து கலங்கரை விளக்கம் வரைக்கும் என்று திட்டம். முதல் நாள் சாயங்காலம் விடுதியின் சாப்பாட்டு மேஜையில் டிரைவரம்மா தன் முட்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி எதிர் நாற்காலியில் வைத்தார்.

"இனிமே இது எம்பேச்சக் கேக்காது. நான் முன்னாடி நடக்கிறது இதான் கடைசி. கடைசி நாள் காலைல விசில உங்கள்ல ஒருத்தி கையில குடுத்துடுவேன். அதுக்கப்புறம் அவ சொன்னாத்தான் கூட்டம் நடக்கும், அவ சொன்னாத்தான் நிக்கும்."

எல்லோரும் கண்ணாடியக்காவைப் பார்த்தோம். அவள் டீயைப் பார்த்தாள். கல்யாணப் பெண் தரையைப் பார்ப்பாளே, அந்த மாதிரி. அந்த விசில் அவளுக்கு எவ்வளவு வேண்டும் என்பது அந்தக் குனிந்த தலையிலேயே தெரிந்தது. வீட்டில் நாற்காலி போனவளுக்கு வெளியில் ஒரு இடம் வேண்டாமா?

"அப்ப யாரு முன்னாடி போவாங்க?" என்று நாத்தனார் வெள்ளந்தியாகக் கேட்டாள். அக்கா டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மேலே போனால் அங்கேயும் அடி. வருஷா வருஷம் டிரைவரம்மாவும் அக்காவும் ஒரே அறை. இந்த முறை விடுதி மேனேஜர், "நீங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பம்தானே" என்று அக்காவையும் நாத்தனாரையும் ஒரு சாவியில் கட்டிவிட்டார். நான் டிரைவரம்மாவின் அறைக்குப் போனேன். என் பையை அங்கே பார்த்ததும் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த வருஷம் வரைக்கும் கண்ணாடிக்கு அவளிடம் போகக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

நாத்தனாருக்கு நீளக் கால். அதுதான் வம்பு. மறுநாள் முதல் பிரிவில் அக்கா கம்பம் நின்றாள். நின்று முடித்து ஓடிவந்தால் டிரைவரம்மா பக்கத்தில் நாத்தனார். இரண்டு பேரும் ஒரு ஆரஞ்சை உரித்துப் பங்கு போட்டுச் சிரித்துக்கொண்டு போகிறார்கள். அக்கா நடுவில் புகுந்தாள். அடுத்த பிரிவு வந்தது. புகுந்தவள் யார்? அக்கா. நிற்க வேண்டியவள் யார்? அக்கா. இப்படியே நாளெல்லாம். விறுவிறுவென்று முன்னால் வருவாள், மூச்சு வாங்கி முடிப்பதற்குள் பிரிவு வந்து நிற்கும், அவள் கம்பமாவாள், நாத்தனாரின் சிரிப்பு வளைவு தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும்.

"என்னதான்டி பேசிக்கிறாங்க அப்படி?" என்று என்னைப் பிடித்து உலுக்கினாள்.

நான் அவர்களுக்குப் பின்னாலேயே நடந்தவள். அவர்கள் பேசியது முழுக்க மலச்சிக்கலைப் பற்றி. டிரைவரம்மாவுக்கு எந்நேரமும் உட்கார்ந்த வேலை, நாத்தனாருக்கும் டெலிபோன் ஆபீசில் உட்கார்ந்த வேலை. அந்த அனுபவத்தைத்தான் மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்தார்கள். சத்தியமாகச் சொன்னேன். அக்கா நம்பவில்லை.

"என்கிட்ட அதப் பத்திப் பேசினதே இல்ல" என்றாள். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது.

அதற்குள் கூட்டம் முழுக்க அவளை நாத்தனார் என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தது. "நாத்தனாரே, தண்ணி இருக்கா?" "நாத்தனாரே, என் சாக்ஸப் பாத்தீங்களா?" சிஸ்டர்கூட, "நம்ம நாத்தனார் கால் பாத்தீங்களா, ஒரு கொப்புளம் இல்ல" என்று மெச்சினார். "எனக்குத்தான் நாத்தனார் அவ. ஊருக்கெல்லாம் எப்படி நாத்தனார் ஆவா?" என்று அக்கா பல்லைக் கடித்தாள். வேண்டாதவளாக இருந்தாலும் அந்த உறவு தன்னுடையது என்கிற கோபம். அப்படியும் ஒரு பொறாமை உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் காலையில் வானம் மூடிக்கொண்டிருந்தது. நான் மழைச் சட்டை கொண்டுவரவில்லை. வெயில் காலத்தில் எவள் கொண்டுவருவாள்? புறப்படும்போது நாத்தனார் தன் மஞ்சள் சட்டையைச் சுருட்டி என் பைக்குள் திணித்தாள். "எங்கிட்ட குடை இருக்கு. நான் இன்னைக்கு சிஸ்டர் கூட மெதுவா வரேன், அவங்களுக்குக் கணுக்கால் வீங்கியிருக்கு" என்றாள். அக்கா அப்போது முன்னால், டிரைவரம்மாவின் தோளோடு தோளாக நின்றுகொண்டிருந்தாள். இதெல்லாம் அவள் காதில் விழவில்லை. கடைசி நாள் நெருங்கிவிட்டதே, அவளுக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது.

பழைய செங்கல் சூளை தாண்டியதும் வழி பிரிந்தது. இடது பாதை மேடேறித் தோப்புக்குள் போனது. வலது பாதை இறங்கி ஆற்றுக்குப் போனது. நாங்கள் போக வேண்டியது இடது. அக்கா கம்பம் நின்றாள். டிரைவரம்மா போனார், நான் போனேன். எனக்குப் பின்னால் மற்றவர்கள் வந்து சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஆளுக்கொரு சட்டையையும் பிளாஸ்டிக் தாளையும் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கும்பலாக அவளைக் கடந்தார்கள். அக்காவின் கண்ணாடியெல்லாம் தண்ணீர். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவள், தன் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே கையை இடது பக்கம் காட்டியிருக்கிறாள். யார் போனார்கள், யார் போகவில்லை என்று பார்க்கவில்லை.

துடைத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்தால், எதிர் மேட்டில், மழைக்குள், டிரைவரம்மாவை ஒட்டி ஒரு மஞ்சள் சட்டை. டிரைவரம்மா அந்தச் சட்டையின் தோளில் கையைப் போட்டிருந்தார்.

வழுக்கப் பார்த்த என்னைத்தான் பிடித்திருந்தார். அது அக்காவுக்கு எப்படித் தெரியும்? நாத்தனார் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் தன்னைத் தாண்டிப் போய்விட்டாள் என்று நினைத்தாள். நாளைக்கு விசில் யார் கழுத்தில் ஏறும் என்பது அவளுக்கு அந்தத் தோளில் கிடந்த கையிலேயே தெரிந்துவிட்டது. இன்னும் வர வேண்டியது சிஸ்டர் ஒருவர்தானே, எத்தனை நடை பார்த்தவர், அவருக்கு வழி சொல்லவா வேண்டும்? குச்சிகளைப் பொறுக்கித் தரையில் இடது பக்கம் ஒரு அம்பு வைத்தாள். காற்றில் போகாமல் மேலே செங்கல் துண்டு வைத்தாள். கம்பம் நகர்ந்தது.

நான் தோப்பு நடுவில் பிஸ்கட் தின்றுகொண்டு நடந்தபோது பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து யாரோ திருப்பினார்கள்.

"ஏண்டி, தாண்டிப் போகும்போது ஒரு வார்த்தை..."

தலையை மூடிய மஞ்சள் துணிக்குள் என் முகம். வாயில் பாதி பிஸ்கட். அக்கா என்னைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"நீயா?" என்றாள்.

டிரைவரம்மா திரும்பினார். "சிஸ்டர் வந்தாச்சா?"

அக்கா வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாத்தனார் எங்க?"

"பின்னாடி. சிஸ்டர் கூட வராங்க" என்றேன் நான்.

டிரைவரம்மா அக்காவைத்தான் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நீ கம்பம்" என்றார், மெதுவாக. அவ்வளவுதான். விசிலை ஊதிக் கூட்டத்தை ஒரு காவல் கொட்டகைக்குக் கீழே ஒதுக்கினார். "நான் இவங்கள விட்டுட்டு வர முடியாது. போய்க் கூட்டிட்டு வா. தனியாப் போகாத."

மஞ்சள் சட்டை போட்ட குற்றத்துக்கு நானும் போனேன்.

திரும்பி நடக்கும்போது அக்கா பேசிக்கொண்டே வந்தாள். என்னிடம் பேசினாளா மழையிடம் பேசினாளா தெரியாது. "முன்ரூமக் குடுத்தேன். சரி, நாற்காலிதானேன்னு விட்டேன். பொண்ணு அத்தை அத்தைன்னு பின்னாடியே சுத்தினா. வாயத் தொறந்தேனா? எனக்குன்னு வெளில இருந்தது இது ஒண்ணுதான்டி. வருஷத்துல ஒரு வாரம். அதுலயும் வந்து நிக்கிறா. எனக்குப் பொறுக்கல. வயிறு எரியுது. என்ன பண்ணச் சொல்ற என்னய?"

"நடங்கக்கா" என்றேன்.

சூளைப் பிரிவில் யாரும் இல்லை. குச்சி அம்பு வைத்தது வைத்தபடி இருந்தது. செங்கல்கூட நகரவில்லை. ஆனால் சேற்றில் இரண்டு ஜோடிக் கால்தடம் வலது பக்கம், ஆற்றை நோக்கி இறங்கியிருந்தது.

"அம்பு கண்ணுக்குத் தெரியலையா இவங்களுக்கு?" என்று அக்கா கோபப்பட்டாள். கோபப்படுவதற்கு அவளுக்கு அந்த நேரம் ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. கால்தடத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். ஆற்றில் புது வெள்ளம் கலங்கிப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் ஒரு குரல் கேட்டது. முதலில் ஏதோ பறவை என்று நினைத்தேன்.

"அண்ணீ..."

அக்கா நின்றுவிட்டாள்.

"அண்ணீ... அண்ணீ..."

பம்ப்செட் அறையின் படியில் சிஸ்டர் வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கீழே, கரையோர நாணலில், முழங்கால் தண்ணீரில் நாத்தனார் நின்றிருந்தாள். குடை ஒடிந்து மேலே கிடந்தது. உச்சி முதல் உள்ளங்கால் வரை நனைந்து, ஒரு நீளக் குச்சியை நாணல் வேர்களுக்குள் விட்டுக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு "அண்ணீ". தொண்டை கட்டிப் போயிருந்தது.

அவள் எதைத் தேடித் தண்ணீரைக் குத்துகிறாள் என்று எனக்குப் புரிந்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது.

"பாப்பா" என்றாள் அக்கா.

நாத்தனார் நிமிர்ந்தாள். குச்சியைப் போட்டுவிட்டுக் கரையேறி வந்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கத்தினாள். அந்தப் பெண் கத்தி நான் கேட்டது அன்றைக்கு ஒருமுறைதான்.

"எங்க போனீங்க? எங்கதான் போனீங்க? எனக்கு உசிரே போயிடுச்சு!"

"அம்பு வச்சிருந்தேனே. பாக்கலையா நீங்க?"

"பாத்தோம். அம்பு மட்டும் இருந்துச்சு, உங்களக் காணோம். கம்பம் நிக்கிறவங்க நீங்க நிக்காமப் போவீங்களா? அவசரத்துக்கு ஆத்துப் பக்கம் ஒதுங்கியிருப்பீங்க, வழுக்கி விழுந்திருப்பீங்கன்னுதான் சிஸ்டரும் நானும் இறங்கி வந்தோம். அண்ணனுக்கு என்ன பதில் சொல்றதுன்னு நெனச்சு நெனச்சு..."

ஆற்றைப் பார்த்தாள். அக்காவும் ஆற்றைப் பார்த்தாள்.

வழுக்கி விழுந்தேன் என்று சொல்லியிருக்கலாம். சிஸ்டரே வாயில் எடுத்துக் கொடுத்தார், "மயக்கம் கியக்கம் வந்துச்சாம்மா?" என்று. அக்கா அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

"மஞ்சச் சட்டையப் பாத்தேன். நீதான் முன்னாடி போயிட்டேன்னு நெனச்சேன். டிரைவரம்மா உந்தோள்ல கையப் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன். பொறுக்க முடியல, ஓடிட்டேன்."

"அதுக்கா?" என்றாள் நாத்தனார்.

"அதுக்குத்தான்."

நாத்தனார் கீழே கிடந்த ஒடிந்த குடையை எடுத்து மடக்கினாள். சிஸ்டரின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு மேடேறினாள். அன்றைக்கு முழுக்க அவள் அண்ணியோடு பேசவில்லை. விடுதியில் ஒரே அறைதான். ஈரத் துணியைக் கொடியில் போடும்போதுகூட, "கொஞ்சம் தள்ளுங்க" என்று சொல்வதற்குப் பதில் சுற்றிக்கொண்டு போனாளாம்.

கடைசி நாள் காலையில் வானம் சுத்தமாக இருந்தது. விடுதி வாசலில் டிரைவரம்மா விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினார். அக்கா எங்களுக்கெல்லாம் பின்னால், சுவரோரம் நின்றாள். இருந்தாலும், அவள் கழுத்து ஒரு விரற்கடை நீண்டதை நான் பார்த்தேன். ஆசை எங்கே அவ்வளவு சீக்கிரம் விடும்?

டிரைவரம்மா விசிலை நாத்தனார் கழுத்தில் போட்டார்.

"எனக்கு வழியே தெரியாதே" என்றாள் நாத்தனார்.

"வழி மேப்புல இருக்கு. கூட்டத்துல ஒரு ஆளு குறைஞ்சா அது மேப்புல இருக்காது. அத நீ பாத்துக்குவ. இனிமே நான் சிஸ்டர் கூடக் கடைசில வரேன், முட்டி தாங்கல."

யாரும் கை தட்டவில்லை. தட்டினால் அக்காவுக்கு என்னவாகுமோ என்று எல்லோருக்கும் பயம். அவள் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கட்டியிருந்த கயிறு. எனக்கு மனசு கேட்கவில்லை, பக்கத்தில் போனேன். "எரியுதுடி" என்றாள், தலை நிமிராமல். "குடுத்தது சரிதான். சரின்னு தெரியுது, அப்பவும் எரியுது."

நாத்தனார் விசில் ஊதினாள். நடந்தோம். பழக்க தோஷம், அக்காவின் கால் தானாகவே அவளை முன்னால் கொண்டுபோய்விட்டது. விசில் வைத்திருப்பவளுக்கு அடுத்த இடம். உப்பளத்துக்குப் பக்கத்தில் வழி பிரிந்தது. நாத்தனார் நின்றாள். பின்னால் நாங்களும் நின்றுவிட்டோம். அடுத்தபடியாக நடப்பவள்தான் நிற்க வேண்டும், சட்டம் அதுதான். ஆனால் முந்தின நாள் நடந்ததற்குப் பிறகு?

"அண்ணி" என்றாள் நாத்தனார். நேற்றிலிருந்து அதுதான் முதல் வார்த்தை. "இங்க நில்லுங்க."

அக்கா நின்றாள்.

நான் வேண்டுமென்றே பின்தங்கிக் கடைசியில் டிரைவரம்மாவோடும் சிஸ்டரோடும் சேர்ந்துகொண்டேன். வேடிக்கை பார்க்கத்தான், வேறென்ன. அவர்கள் இரண்டு பேரும் ஒரு முட்டியையும் ஒரு கணுக்காலையும் இழுத்துக்கொண்டு வருவதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. உப்பளத்தில் நிழலுக்கு ஒரு செடி கிடையாது. தூரத்தில் நாத்தனாரும் மற்றவர்களும் கரைமேல் போவது அக்காவுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். விசில் வெயிலில் பளபளத்ததும் தெரிந்திருக்கும். நாங்கள் வந்தபோது அவள் பிரிவின் நடுவில், கையை இடது பக்கம் நீட்டியபடி நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் சிவந்து, உதட்டில் உப்பு.

"பக்கத்துல கல்லு இருக்கே, உக்காந்திருக்கலாமில்ல?" என்றார் டிரைவரம்மா.

"கம்பம் எங்கயாவது உக்காருமா?" என்றாள் அக்கா.

நின்று முடித்த கம்பத்துக்குக் கடைசி ஆட்கள்தான் துணை. இந்த முறை அவள் முன்னால் ஓடவில்லை. அப்படி அவளுக்கு டிரைவரம்மா கிடைத்தார். வாரம் முழுக்க அடித்துப் பிடித்து ஓடியும் கிடைக்காதவர், தோளோடு தோளாக, நொண்டி நொண்டி. கொஞ்ச தூரம் வந்ததும் டிரைவரம்மா, "உனக்கு எப்படி, காலைல சுலபமாப் போகுதா?" என்று ஆரம்பித்தார். அக்காவின் முகத்தில் வந்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆசையாகப் பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

அப்போது கரைமேலிருந்து நாத்தனாரின் சிரிப்பு காற்றில் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அவளுக்குப் பக்கத்தில் யாரோ ஒருத்தி, கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அக்கா கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தாள்.

"யாரு அது? எம்மேல கோவமா இருக்கறவளுக்கு அவகூட அப்படி என்ன சிரிப்பு?"

கால் வேகமெடுத்தது. இரண்டு எட்டு வைத்திருப்பாள், திரும்பிப் பார்த்தாள். டிரைவரம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சிஸ்டர் அவருக்கும் பின்னால். அக்கா திரும்பி வந்து டிரைவரம்மாவின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். கண் மட்டும் கரைமேலேயே இருந்தது.

"எந்நாத்தனாருடி அவ" என்றாள் என்னிடம்.